மஞ்சள் விளக்கும் மழுப்பும் காரும்

கார் வச்சிருக்கிற யாரையாவது பிடிச்சு, "டாஷ்போர்டுல எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்?"னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சர்வீஸ் சென்டர்ல விடணும்னு அர்த்தம்." விட்டா எவ்வளவு ஆகும்? "அது அவங்க பார்த்துட்டு சொல்லுவாங்க." அவ்ளோதான். பல லட்சம் ரூபா போட்டு வாங்கின வண்டி, நமக்கு ஒரு கோளாறைச் சொல்ற லட்சணம் இது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அந்த விளக்கு எரியும்போது காருக்கு என்ன தெரியுதோ அதை ஓட்டுறவனுக்கும் சொல்லணும். நம்பரா சொல்லணும், வார்த்தையா சொல்லணும், முடிஞ்சா தமிழ்ல சொல்லணும். கார் விஷயத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நம்மகிட்ட மழுப்புது. இதை நான் சும்மா சொல்லல.

பொட்டி தட்டுற வேலை பார்க்கிறவன் நான். புரோகிராம் எங்கயாவது முட்டிக்கிட்டு நின்னா, எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, என்ன காரணம்னு ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். அதைப் படிச்சுத்தான் நாங்க சரி பண்றோம். "ஏதோ தப்பு நடந்துடுச்சு, எங்க கிட்ட வாங்க"ன்னு மட்டும் காட்டுற சாஃப்ட்வேரை வாடிக்கையாளருக்குக் கொடுத்தா என் மேனேஜர் என்னை உரிச்சுடுவார். கார் கம்பெனிக்காரங்க மட்டும் இதையே வருஷக்கணக்கா செஞ்சுட்டு வர்றாங்க. நாமளும் பவ்யமா தலையாட்டுறோம்.

காருக்குள்ள ஈசியுன்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கு. சென்சார் எல்லாத்தையும் அதுதான் கவனிக்குது. ஏதாவது அளவு எல்லையைத் தாண்டினா ஒரு கோட் நம்பரைக் குறிச்சு வைக்கும். அந்த நேரத்துல வண்டி என்ன வேகத்துல போச்சு, எஞ்சின் எத்தனை சூட்டுல இருந்தது, எத்தனை சுத்து சுத்திச்சுங்கிற விவரமும் கூடவே பதிவாகும். இந்த ஏற்பாட்டுக்குப் பேர் ஓபிடி. புகையைக் கட்டுப்படுத்தறதுக்காக அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாகாணம் ஆரம்பிச்சு வச்சது. 1996 மாடல்ல இருந்து அந்த நாட்டுக் கார் எல்லாத்துக்கும் ஓபிடி-2 கட்டாயம் ஆச்சு. நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல முதல் கட்டம், 2013 ஏப்ரல்ல ரெண்டாம் கட்டம். ஆக, அதுக்கப்புறம் வந்த கார் உங்ககிட்ட இருந்தா, ஸ்டீயரிங்குக்கு அடியில முழங்கால் பக்கத்துல குனிஞ்சு பாருங்க. 16 முனை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். கார் மனசு விட்டுப் பேசுற வாய் அதுதான்.

சரி, பவர் ஏன் திடீர்னு போகுது?

நிறையப் பேர் நினைக்கிற மாதிரி எஞ்சின் செத்துப் போறதால இல்லை. பல நேரம் அது கம்ப்யூட்டர் வேணும்னே எடுக்கிற முடிவு. லிம்ப் மோட்னு சொல்வாங்க, நொண்டி நொண்டியாவது வீடு போய்ச் சேருன்னு அர்த்தம். உதாரணத்துக்கு ஆக்சிலரேட்டரை எடுத்துக்குவோம். இப்போ வர்ற வண்டிகள்ல பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கேபிள் கிடையாது, ஒயர்தான். பெடல்ல ரெண்டு சென்சார் இருக்கும். ரெண்டும் சொல்ற கணக்கு ஒத்துப் போகணும். ஒண்ணு 'பாதி மிதிச்சிருக்கான்'னும் இன்னொண்ணு 'மிதிக்கவே இல்லை'ன்னும் சொன்னா கம்ப்யூட்டர் எதை நம்பும்? தப்பானதை நம்பி வண்டி தானா சீறிப் பாய்ஞ்சா உயிர் போயிடும். அதனால ரெண்டையும் நம்பாம சக்தியைக் குறைச்சுடும். நீங்க எவ்வளவு மிதிச்சாலும் வண்டி மாட்டு வண்டி மாதிரி போகும். நியாயமான முடிவுதான், நானா இருந்தாலும் அப்படித்தான் கோட் எழுதுவேன். ஆனா ஏன் இப்படிச் செஞ்சேன்னு ஒரு வரி சொல்லணுமா இல்லையா? லாரி பின்னாடி ஹாரன் அடிக்குது, வண்டி ஏற மாட்டேங்குது, டாஷ்போர்டுல ஒரு மஞ்சள் படம். ஓட்டுறவனுக்கு நெஞ்சு அடைச்சுக்கும்.

எங்க ஊர் உத்திரமேரூர். என் தாய்மாமா இங்க டீசல் கார் வச்சு வாடகைக்கு ஓட்டுறார். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட்டுனு போனாத்தான் வீட்டுல அடுப்பு எரியும். போன வருஷம் வந்தவாசி ரோட்டுல சவாரி போறப்போ மஞ்சள் விளக்கு எரிஞ்சு, வண்டி அறுபதைத் தாண்ட மாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கு. டவுன்ல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டார் (பேர் வேண்டாம்). ரெண்டு நாள் கழிச்சு, "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்"னு எழுபதாயிரத்துக்கு ஒரு எஸ்டிமேட். என்ன கோட் வந்ததுன்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்"னு பதில்.

மாமா எனக்கு போன் போட்டார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச, இதுவும் கம்ப்யூட்டராம், என்னான்னு பாரு"ன்னார். வண்டியை மெதுவா ஊருக்கே ஓட்டிட்டு வரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அவர்கிட்ட கையடக்கமா ஒரு ஸ்கேனர் இருந்தது. மாட்டினதும் வந்த நம்பர் பி0299. டர்போ அனுப்புற காத்து அழுத்தம் எதிர்பார்த்ததை விடக் குறைவுன்னு அர்த்தம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. கோட் 'அழுத்தம் குறைவு'ன்னுதான் சொல்லுது, 'டர்போ போச்சு'ன்னு சொல்லல. டர்போ தேஞ்சிருந்தாலும் அழுத்தம் குறையும், வழியில குழாய் கிழிஞ்சு காத்து வெளியே போனாலும் குறையும். "தம்பி, எடுத்த உடனே டர்போல கை வெக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு அண்ணன் டார்ச் அடிச்சு ஒவ்வொரு குழாயா தடவிப் பார்த்தார். டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ் கிளாம்ப் ஓரத்துல கிழிஞ்சு, சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸ் மாத்தி, கூலியோட சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். அன்னிக்கு ராத்திரியே மாமா ஏர்போர்ட் சவாரி போனார்.

எல்லா சர்வீஸ் சென்டரும் மோசம், எல்லா ஊர் மெக்கானிக்கும் நல்லவங்கன்னு நான் சொல்ல வரல. கோட் வந்த உடனே அந்தப் பேர்ல இருக்கிற சென்சாரை மாத்திட்டுக் காசு வாங்குற பட்டறைக்காரங்களும் இருக்காங்க. பேட்டரியைக் கழட்டி மாட்டி விளக்கை அணைச்சுட்டு 'சரியாயிடுச்சு'ன்னு அனுப்புறவங்களும் இருக்காங்க. அப்படிச் செஞ்சா பதிவான விவரமும் சேர்ந்து அழிஞ்சு போகலாம், துப்பு துலக்கப் போன இடத்துல கைரேகையைத் துடைச்ச மாதிரி. ஆனா எந்தப் பக்கம் ஏமாத்தினாலும் காரணம் ஒண்ணுதான்: வண்டிக்காரன் கையில அந்த நம்பர் இல்லை. இருந்தா நாலு பேரைக் கேட்பான்.

அதனால கார் வச்சிருக்கிற மக்களே, இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க:

1. சிவப்பு விளக்குன்னா நிறுத்து. எண்ணெய்க் குடுவை படம் சிவப்பா எரிஞ்சா எஞ்சினுக்குள்ள ஆயில் அழுத்தம் இல்லைன்னு அர்த்தம். ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணணும். "பக்கத்துலதானே வீடு"ன்னு ஓட்டினா எஞ்சினுக்கு கருமாதிதான். சூடு காட்டுற தெர்மாமீட்டர் படத்துக்கும் இதேதான். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துடாதீங்க.

2. மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையா எரிஞ்சு, வண்டி ஒழுங்கா ஓடுதுன்னா பதற வேண்டாம். சீக்கிரம் காட்டினா போதும். அதே விளக்கு கண் சிமிட்டினா எஞ்சின் மிஸ் ஃபயர் ஆகுது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்க எரிஞ்சு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிடும். மிதிக்காம ஓரங்கட்டுங்க.

3. பவர் போனா இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஒதுங்குங்க. வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போது சாவியைத் திருப்பாதீங்க. ஸ்டீயரிங், பிரேக் ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடும். நின்ன பிறகு அணைச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா பல வண்டிகள்ல பவர் திரும்பும், ஏன்னா கம்ப்யூட்டர் திரும்ப முதல்ல இருந்து சோதிக்கும். அது குணமானதா அர்த்தம் இல்லை, வீடு போய்ச் சேர ஒரு வாய்ப்பு.

4. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்னா, புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அது தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க, தொடர்ந்து கொஞ்ச நேரம் நல்ல வேகத்துல ஓடணும். வீடு-கடைத்தெரு-வீடுன்னு மட்டும் ஓட்டினா அடைச்சுக்கும். அதுக்குன்னு தனி விளக்கு எரியும். புத்தகத்துல போட்டிருக்கிறபடி காலியான ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டுங்க. கண்டுக்காம விட்டா அடுத்தது லிம்ப் மோட்தான்.

5. எங்க ஊர் மாதிரி வயல் சூழ்ந்த இடத்துல நிறுத்துற வண்டின்னா எலியை மறக்காதீங்க. ஒயரைக் கடிச்சு வச்சிடும். அதுக்குப் போய் சென்சாரை மாத்தினா, காசு போகும், கோளாறு போகாது.

புளூடூத்ல மொபைலோட பேசுற ரீடர் சில நூறு ரூபாயில இருந்து கிடைக்குது. வாங்கி வச்சுக்குங்க. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பி0-ன்னு ஆரம்பிக்கிற கோட் எல்லா கம்பெனிக்கும் பொது. பி1-ன்னு ஆரம்பிக்கிறது அந்தந்த கம்பெனி வச்சது. ஏர்பேக், ஏபிஎஸ் பக்கம் பெரும்பாலும் இந்த மலிவு ரீடர் எட்டிக்கூடப் பார்க்காது. அதுக்குக் கம்பெனி சாஃப்ட்வேர் வேணும், அது ஊர் மெக்கானிக்குக் கிடைக்காது. அதாவது, புகை சம்பந்தப்பட்ட வரைக்கும் சட்டம் போட்டதால திறந்து வச்சிருக்காங்க. சட்டம் போடாத இடத்துல பூட்டு.

இந்தப் பூட்டைப் பத்தி நம்ம நாட்டுலயே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கு. உதிரிபாகத்தையும் சோதனைக் கருவியையும் வெளி மெக்கானிக்குக் கொடுக்காம வச்சிருக்காங்கன்னு 2011-ல ஒருத்தர் போட்டி ஆணையத்துல புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட்ல ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபா அபராதம் போட்டது. கருவிகளை வெளியாளுக்கும் கிடைக்கச் செய்யணும், வெளியில ரிப்பேர் பார்த்தாங்கன்னு ஒட்டுமொத்தமா வாரண்டியை ரத்து பண்ணக் கூடாதுன்னும் சொல்லுச்சு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க, விஷயம் இழுத்துச்சு. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. அதுல கார், பைக்கும் உண்டு, விவசாயக் கருவியும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாகாணத்துல 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு இதைச் சட்டமாவே ஆக்கிட்டாங்க. நமக்குத் தேவை அந்த மாதிரி பல்லு உள்ள சட்டம்.

"எல்லாத்தையும் திறந்து விட்டா திருடனுக்கு வசதியாயிடும்"னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. பாதி நியாயம். புது சாவி பதியறது, சாஃப்ட்வேரை மாத்தறது, இதெல்லாம் பூட்டியே இருக்கட்டும். எங்க தொழில்ல 'படிக்க மட்டும்'னு ஒரு அனுமதி உண்டு. பார்க்கலாம், கை வைக்க முடியாது. அதைக் கொடுங்கன்னுதான் கேட்கிறேன். கோளாறு நம்பரைப் படிச்சு எவனும் காரைத் திருடிட முடியாது.

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 919-லயும் 921-லயும் வெட்டினது. குடவோலைன்னதும் எல்லாரும் தேர்தலைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்குப் பிடிச்சது வேற ரெண்டு விஷயம். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரங்களுக்கும் மறுபடி இடம் கிடையாது. அந்த விதியை ஓலையில எழுதிப் பெட்டியில பூட்டல, எல்லார் கண்ணிலயும் படுற மாதிரி சுவத்துல வெட்டி வச்சாங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லுல செஞ்சதை, இன்னிக்குப் பத்து இஞ்சு தொடுதிரை வச்ச காருல செய்ய முடியாதா? அந்தத் திரையில சினிமாப் பாட்டு ஓடுது, மேப் ஓடுது. 'டர்போ காற்றழுத்தம் குறைவு, பி0299'னு ஒரு வரி ஓடினா என்ன குறைஞ்சுடும்?

எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை. அங்க நம்ம புள்ளைங்கதான் கார் செய்யறாங்க. செஞ்ச கார் ஊருக்கு வந்து நின்னுட்டா, அதுக்கு என்ன நோவுன்னு தெரிஞ்சுக்க மட்டும் யார்கிட்டயோ கை கட்டி நிக்கணுமாம். அடுத்த தடவை ஷோரூம் போறவங்க, மைலேஜ் என்ன, சன்ரூஃப் இருக்கான்னு கேட்கிறதோட இதையும் கேளுங்க: "கோளாறு வந்தா உங்க வண்டி என்கிட்ட சொல்லுமா, உங்ககிட்ட மட்டும் சொல்லுமா?" விக்கிறவர் முழிப்பார். பரவாயில்ல, நூறு பேர் கேட்டா மேல போய்ச் சேரும்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. சிவப்பு விளக்கு எரியும்போது இந்தப் பதிவைத் தேடிப் படிச்சிட்டிருக்காம, முதல்ல வண்டியை நிறுத்துங்க சாமி!