மில்லிங் மிஷின் இருக்கை யாருக்கு?

இரவு பத்து மணிக்கு மேல் புறவழிச்சாலையில் பஸ் ஊர்ந்து போகும்போது பார்த்திருப்பீர்கள். பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு இயந்திரம் பழைய தார்ச்சாலையைச் சுரண்டிக்கொண்டு வரும். முன்னால் நீட்டியிருக்கும் பெல்ட் வழியாகச் சுரண்டிய ஜல்லியும் தாரும் டிப்பர் லாரியில் கொட்டும். மேலே ஆபரேட்டர் இருப்பார். பின்னால் ஐந்தாறு பேர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே நடப்பார்கள். அதிகாரிகள் இதை மில்லிங் மிஷின் என்கிறார்கள். வேலைக்குப் போகிற நம் ஆட்கள் 'சுரண்டுற மிஷின்' என்கிறார்கள். சுரண்டல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. அந்த இடத்தில் இரண்டுமே பொருந்துகின்றன.

மேலே இருப்பவர் எந்த ஊர், யார் என்று நமக்குத் தெரியாது. பின்னால் கூட்டுகிறவர்களைத் தெரியும். நம் தெருவிலிருந்து மேஸ்திரியின் வேனில் ஏறிப் போனவர்கள்.

தார் ரோடு வேலை நமக்குப் புதிதல்ல. பீப்பாயில் தார் காய்ச்சி, தகரப் பூவாளியில் மொண்டு ஊற்றி, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சூடான ஜல்லியைப் பரப்பிய காலம் ஒன்று இருந்தது. நம் அப்பாக்களும் அம்மாக்களும் அந்த வேலையில் கை கால் வெந்தவர்கள். பிறகு பேவர் வந்தது, வைப்ரேட்டர் ரோலர் வந்தது, மில்லிங் மிஷின் வந்தது. இயந்திரம் வந்ததைப் பற்றி நமக்கு வருத்தம் இல்லை. அந்தச் சாக்குக் காலம் திரும்பி வர வேண்டாம். ஆனால் தார்ச்சட்டி தூக்கியவர்கள் இயந்திரத்தின் இருக்கைக்குப் போகவில்லை, துடைப்பத்துக்குப் போனார்கள். அதுதான் கேள்வி.

அந்த இருக்கையில் இருப்பதற்கு என்ன தெரிய வேண்டும்? இயந்திரத்தின் அடியில் ஒரு உருளை சுழல்கிறது. இரண்டு மீட்டர் அகல உருளையாக இருந்தால் 150க்கும் மேற்பட்ட பற்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் டங்ஸ்டன் கார்பைடு. அது கீழிருந்து மேலாகத் தாரைப் பெயர்த்து எடுக்கிறது. பல் சூடேறாமல் இருக்கவும் புழுதி அடங்கவும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் வெட்டுவது என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக வைக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிற சரிவு அதில்தான் கிடைக்கிறது. வேகம் கூடினால் தரை வரிவரியாகக் கரடுபட்டுப் போகும். பாதாளச் சாக்கடை மூடி இருக்கிற இடத்தை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் பற்கள் நொறுங்கும். தேய்ந்த பல்லை மாற்றும்போது என்ஜின் அணைந்திருக்க வேண்டும், உருளை சுழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை போய்விடும்.

இதில் எது நம் பிள்ளைகளுக்கு வராது? டிப்ளமோ படித்துவிட்டு டூவீலர் ஷோரூமில் நிற்கிற பையனுக்கு வரும். ஐ.டி.ஐ. முடித்த பெண்ணுக்கும் வரும். ஹெல்பராகப் போன சில தம்பிகளிடம் நாங்கள் பேசினோம். இரண்டு வருடமாகப் பல் மாற்றுகிறார்கள், தண்ணீர் டேங்கர் பிடிக்கிறார்கள், இஞ்ச் டேப் வைத்து ஆழம் பார்த்து மேலே சொல்கிறார்கள். "லீவரைத் தொட மட்டும் விடமாட்டேங்குறாங்க அண்ணா" என்றார் ஒரு தம்பி. இயந்திரம் கோடிக்கணக்கில் விலை, பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்பார்களாம். நியாயமான கேள்விதான். அப்படியானால் முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல், ஒருவர் தன் மாமன் மகனுக்கு, அவர் தன் ஊர்க்காரருக்கு என்று இருக்கை கைமாறுகிறது. நம் மாமன் மகன்கள் யாரும் அங்கே இல்லை என்பதால் அது நம்மிடம் வருவதில்லை. வடக்கிலிருந்து வந்து ஓட்டுகிறவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர்களும் வீட்டைவிட்டு வந்து தகரக் கொட்டகையில் படுக்கிறவர்கள்தான்.

இந்த மில்லிமீட்டர் கணக்கு நமக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் 40 மி.மீ. தார்க்கலவை போட்டால், ஐந்து முறையில் சாலை 200 மி.மீ. ஏறிவிடும். எட்டு அங்குலம். நம் தொகுப்பு வீட்டின் வாசற்படி அவ்வளவுதான் உயரம். அதன் பிறகு மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில் நிற்காது, வீட்டுக்குள் வந்து நிற்கும். பணம் உள்ளவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். நாம் வாசலில் மண் மூட்டை அடுக்குகிறோம்.

2021 மே மாதம், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். கடைவீதியில் அதைப் பார்க்க முடிகிறது. நம் தெரு முனையில் மிஷின் திரும்பிவிடுகிறது. சந்து சிறியது, மிஷின் நுழையாது என்பார்கள். ஐம்பது சென்டிமீட்டர் அகலமே வெட்டுகிற சிறிய இயந்திரங்களும் இருக்கின்றன என்பதைச் சொல்ல மாட்டார்கள். சிமென்ட் ரோடாக இருந்தால் பழையதை உடைக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு. சில ஊர்களில் கடைவீதியைச் சுரண்டிய தூள்தான் நம் மண்பாதைக்குச் சாலை என்று வந்து கொட்டப்படுகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். வீட்டுக்குள் வருகிற தண்ணீருக்கு அந்த அறிவிப்பு தெரியவில்லை.

இனி புழுதி. நம் சாலைகளில் இருப்பது கருங்கல் ஜல்லி. அதை உடைத்துப் பொடியாக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் கிளம்புகிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதி, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக்கூடாது என்கிறது. பெரிய மில்லிங் மிஷின்களில் தண்ணீர் பீய்ச்சலோடு புழுதியை உறிஞ்சும் அமைப்பையும் அந்த விதி எதிர்பார்க்கிறது. இங்கே டேங்கர் வரத் தாமதமானால் தண்ணீர் இல்லாமலே மிஷின் ஓடுகிறது. அந்தப் புழுதியிலேயே நடந்து, காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டி மறுபடியும் கிளப்பி விடுகிறவர்கள் நம் அக்காமார்கள். மூக்கில் கட்டிய துண்டு சிலிக்காவைத் தடுக்காது. ராஜஸ்தான் அரசு 2019இல் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்து நிவாரணம் வழங்குகிறது. இங்கே பலருக்கு இருமலைக் காட்டினால் காசநோய் மாத்திரைதான் கிடைக்கிறது.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அப்போது அவர் துறையில்தான் இருந்தது. இயந்திரம் கற்பது நமக்குப் பக்கவேலை அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? தாட்கோ 1974இல் தொடங்கியது. அதன் பயிற்சிகளில் சாலை இயந்திரங்களுக்கு முதல் வரிசை வேண்டும். வகுப்பறைப் பாடமும் சான்றிதழும் மட்டும் போதாது; உண்மையான சாலையில், உண்மையான மிஷினில் நூறு மணி நேரமாவது ஓட்டிப் பழக வேண்டும். அரசு ஒப்பந்தம் எடுக்கிறவர் ஒவ்வொரு மிஷினிலும் இரண்டு பயிற்சியாளர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் மானியம் உண்டு. ஓட்டத் தெரிந்த நான்கு பேர் சேர்ந்தால் ஒரு பழைய மிஷினை வாங்கி வாடகைக்கு விடலாம். வங்கி மேலாளர் சொத்துப் பத்திரம் கேட்பார். அதற்கும் சேர்த்துத்தான் போராட வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரில் கடைசியாகப் போட்ட சாலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மில்லிங் எத்தனை சதுர மீட்டர், எத்தனை மில்லிமீட்டர் ஆழம், நம் தெருவுக்கு அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் எழுதிவிட்டுச் சுரண்டாமல் விட்டிருந்தால், நகலை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமசபைக்கு வாருங்கள், நாங்களும் வருகிறோம். மனுவை அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.