கனிக்கு மட்டும் போதுமா காவல்?

2010ஆம் ஆண்டில் நாசிக் வட்டாரத்துத் திராட்சையை ஐரோப்பியச் சந்தை மறுத்தது. பழம் அழுகியிருக்கவில்லை, இனிப்பிலும் குறையில்லை. குளோர்மெக்வாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஒடுக்கியின் எச்சம், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருந்தது. நூறு டன் பழத்துக்கு ஐந்து கிராம் என்பதே அவ்வரம்பு. கவாத்துக்குப் பின் கொடி வெறும் இலையும் தளிருமாக ஓடிவிடாமல் காய்ப்பு மொட்டுக் கட்டவேண்டும் என்பதற்காக உழவர்கள் அதனைத் தெளித்து வந்தார்கள். கடைகளில் வெளிப்படையாக விற்ற மருந்துதான் அது. ஏற்றுமதிக்கு முன் இங்கு நடந்த எச்ச ஆய்வின் பட்டியலிலோ அதன் பெயரே இடம்பெறவில்லை. எனவே அரசு வகுத்த சோதனைகள் அனைத்திலும் தேறிச் சான்று பெற்ற சரக்கு, கடல் கடந்தபின் குற்றமுள்ள சரக்காயிற்று. இழப்பு உழவர் தலையில் விழுந்தது. பட்டியலை வகுத்தவர்கள் எவருடைய தலையிலும் விழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

அதற்காக அந்த ஏற்பாட்டையே இகழ்வது நேர்மையாகாது. 2003இல் நெதர்லாந்தில் இந்தியத் திராட்சையில் மெத்தோமில் நச்சின் எச்சம் கண்டறியப்பட்டபின், வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமாகிய அபெடா 'கிரேப்நெட்' என்னும் தடமறியும் முறையை உருவாக்கியது. ஏற்றுமதித் தோட்டம் ஒவ்வொன்றும் பதிவு பெறும். அறுவடைக்கு முன் மாதிரி எடுக்கப்படும். புனே அருகே மாஞ்சரியிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் ஆய்வகங்களுக்கு மேல் ஆய்வகமாக நின்று வழிநடத்தும். பெட்டியிலுள்ள குலை எந்தக் கொல்லையிலிருந்து வந்தது என்பதை ராட்டர்டாமிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். நம் நாட்டு வேளாண்மையில் இத்தகைய ஒழுங்கு அரிது. 2010இல் வெளிப்பட்ட ஓட்டையும் பின்னர் அடைக்கப்பட்டது.

நமது வருத்தம் வேறு. இந்தக் காவல் முழுவதும் கனியைச் சுற்றியே நிற்கிறது. கனி விளைந்த மண்ணையோ, அது குடித்த நீரையோ, குலையைத் தொட்ட கையையோ எச்ச ஆய்வு கேட்பதில்லை. தெளித்த மருந்து அறுவடைக்குள் பழத்திலிருந்து கரைந்துவிட்டால் சோதனை நிறைவுறும். கரைந்தது கிணற்றுக்குப் போயிற்றா என்பது சான்றிதழின் கவலையன்று. திராட்சைக் குலைகளை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஒவ்வொன்றாக முக்கி எடுப்பவர்கள், நாசிக் மாவட்டத்தின் பேட், சுர்கானா வட்டங்களிலிருந்து அதே மாவட்டத்து நிபாடு, திண்டோரித் தோட்டங்களுக்குக் கூலிக்கு வரும் பழங்குடி மக்கள். கையுறையின்றித் தெளிப்பு வேலை செய்தவரின் உடம்பில் எத்தனை மில்லிகிராம் தங்கிற்று என்று எந்தத் துறைமுகமும் அளந்து பார்க்காது. சாங்கிலிப் பகுதியில் வறண்ட ஆண்டுகளில் திராட்சைக்கு லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறார்கள். அந்தப் பழமும் எச்ச ஆய்வில் குறைவறத் தேறிவிடும்.

தேறாத பழத்தின் கதி என்ன? தோட்டத்து மாதிரி தவறினால் அக்கனி கப்பலேறாது. குழி தோண்டிப் புதைக்கிறார்களா? இல்லை, ஊர்ச் சந்தைக்கு வருகிறது. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஆகாதென ஒதுக்கியதை நம் குழந்தை தின்னலாம் என்னும் முடிவை எந்தச் சட்டமன்றமும் எடுத்ததில்லை. ஆயினும் அது நாள்தோறும் நிறைவேறுகிறது. ஏற்றுமதி ஒழுங்கின் மாபெரும் ஒழுக்கக்கேடு இதுவென நாம் கருதுகிறோம்.

2014இல் வந்த தடை வேறொரு பாடத்தைத் தந்தது. அவ்வாண்டு மே மாதம் முதல் இந்திய மாம்பழம், கத்தரி, சேம்பு, பாகல், புடலை ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. இம்முறை குற்றவாளி நச்சன்று. பழ ஈ முதலிய பூச்சிகள். நச்சும் இருக்கலாகாது, புழுவும் இருக்கலாகாது என்ற இரண்டு கட்டளைகளுக்கிடையே உழவர் அகப்பட்டார். மாம்பழத்தை 48 பாகை வெப்ப நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி எடுக்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மாம்பழத் தடை நீங்கியது. சிப்பக்கூடத்தில் தீர்வு கிடைத்ததென்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

உண்மையில் பழ ஈயை வெல்லும் இடம் தோப்புத்தான். மெத்தில் யூஜினால் வைத்த பொறி ஆண் ஈக்களை இழுக்கும். பாகல், புடலைக்குக் கியூலூர் வைத்த பொறி. விழுந்த கனிகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தால் அவற்றினுள் இருக்கும் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாகாது. மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் எஞ்சிய கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். செலவு சிறிது, நஞ்சு இல்லை. ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை. அண்டைத் தோப்பில் விழுந்த கனி கிடந்து அழுகினால் அங்கிருந்து புறப்படும் ஈ வேலியைப் பார்த்துத் திரும்பிவிடாது. ஊரே சேர்ந்து, ஒரே பருவத்தில், ஒரே முறையில் செய்தாலொழிய இது பலிக்காது. சான்றளிப்போரோ தனித்தனித் தோட்டங்களைப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். ஊர்ப் பொறுப்பாக வேண்டிய ஒன்றைத் தனியார் ஆவணமாக்கி விட்டோம். நிலத்தடி நீருக்கும் இதுவே கதி. சொட்டுநீர்க் குழாய் போட்டு மிச்சம் பிடித்த நீரை, பக்கத்து வயலில் புதிதாக இறக்கிய ஆழ்துளைக் கிணறு உறிஞ்சிக்கொள்கிறது.

இயற்கை வேளாண்மை என்ற சொல்லைக் கூவினால் எல்லாம் சரியாகிவிடும் என்போருடனும் நாம் உடன்படவில்லை. பருவந்தவறிய மழையில் அடிச்சாம்பல் நோய் இறங்கும்போது மருந்தே தொடாதே என்பது, திராட்சை உழவரைத் தோட்டத்தை விட்டு விரட்டுவதற்கு ஒப்பு. இயற்கை முறையிலும் இடம்பெறும் போர்டோக் கலவையின் செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பாவே செம்பை ஏழாண்டுகளில் எக்டேருக்கு 28 கிலோவுக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. நிதானமான வழிகள் இருக்கின்றன. மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு, நோய்க்கு டிரைக்கோடெர்மா, உவர் நிலத்தில் டாக்ரிட்ஜ் வேரின்மேல் ஒட்டிய கொடி, கொடியடியில் கரும்புச் சோகை மூடாக்கு. வேதி மருந்து தவிர்க்க முடியாதபோது, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாள்களைக் கண்டிப்புடன் காத்தல். இவையெல்லாம் நாசிக் உழவர் அறியாதவை அல்ல. அறிந்ததைச் செய்யும் துணிவுக்கு விலையில் இடமில்லை என்பதே குறை.

1997இல் ஐரோப்பியப் பேரங்காடிகள் கூடி வகுத்து, இன்று குளோபல்கேப் என வழங்கும் தரவிதி, வாங்குவோரின் நற்பெயரைக் காக்கிறது. சான்றுக் கட்டணமும் பதிவேட்டுச் சுமையும் விளைவிப்போருக்கு. இரண்டு ஏக்கர் உழவர் தனியே தாங்க மாட்டார். குழுவாகச் சேர்ந்து சான்று பெற அவ்விதியே இடம் தருகிறது. திண்டோரி வட்டத்து மொஹாடியில் சஹ்யாத்ரி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் காட்டிய ஒற்றுமை, குழு என்ற சொல் வெறும் காகிதமாக இருக்கவேண்டியதில்லை என்பதற்குச் சான்று. பேரங்காடிகளும் கட்டணத்தில் பங்கேற்கட்டும். விதி அவர்களுடையது அன்றோ?

தமிழகமும் இதற்கு விலக்கன்று. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துக் கறிவேப்பிலை நாம் அனைவரும் உண்பது. அதே இந்தியக் கறிவேப்பிலையை நச்செச்சத்துக்காக ஐரோப்பா தனிச் சோதனைக்கு உட்படுத்தியபோது, இங்கே நம் சட்டிக்குள் விழும் கொத்தைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? திண்டுக்கல் வெள்ளரிப்பிஞ்சும் தேனி வாழையும் அயல்நாட்டு விதிக்கேற்ப வளர்கின்றன. அவற்றின் அருகில் நம் சந்தைக்காக விளையும் தக்காளிக்கும் கத்தரிக்கும் அந்தக் கண்காணிப்பு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்றால் அரசு செய்யவேண்டியது தெளிவு. ஏற்றுமதி ஆய்வில் தவறிய சரக்கு உள்நாட்டு வரம்பையாவது நிறைவு செய்கிறதா என்று பார்க்காமல் சந்தைக்கு விடலாகாது. தடமறியும் பதிவேட்டில் கிணற்று நீர்மட்டத்துக்கும் தெளிப்பாளர் பாதுகாப்புக்கும் பத்திகள் சேர்க்கப்பட வேண்டும். அயல்நாட்டு எச்ச வரம்பு மாறினால் அச்செய்தி மராத்தியிலும் தமிழிலும் உழவரிடம் சேரவேண்டும். ஏற்றுமதியாளரின் மேசையில் ஆங்கிலத்தில் கிடந்து பயனில்லை. நாசிக்கில் காய்ப்புக் கவாத்து அக்டோபரில் தொடங்குகிறது. தொடக்கூடாத மருந்துகளின் பட்டியல் அதற்கு முன்பே அவர் கையில் இருக்கட்டும். அப்பட்டியலில் விடுபட்டுப்போன பொருளால் சரக்கு மறுக்கப்பட்டால், இழப்பீட்டைப் பட்டியல் வகுத்தவர்களே ஏற்கட்டும்.