பல்பைப் புடுங்கினா எஞ்சின் சரியாயிடுமா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். கவிதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்குங்க :-)

சேலத்துல ஆரம்பிச்சு ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரைக்கும் எத்தனை இஞ்சினியரிங் காலேஜ்! கடைசி வருஷ புராஜக்டுக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற பசங்க ஒரு நாளாவது முட்டிக்கிற சுவரு ஒண்ணு இருக்கு. டூல்பார்ல வர்ற நல் பாயிண்டர் எக்செப்ஷன். ஆப்பைத் திறந்ததும் படுத்துரும். உடனே கிடைக்கிற வைத்தியம், "நல் இல்லைன்னா மட்டும் செய்"னு ஒரு இஃப். கோட்லின்னா இன்னும் சுலபம், ஒரு கேள்விக்குறி, ஒரு புள்ளி. கதை முடிஞ்சுது.

முடியலைங்கறதுதான் என் கட்சி.

ஆயில் பிரஷர் லைட்டு எரியுதுன்னு பல்பைப் புடுங்கிப் போட்டுட்டு லாரியை ஓட்டுவாங்களா நம்மூர்ல? லைட்டு எரியாதுதான். எஞ்சின் தொப்பூர் கணவாய்ல போய் நிக்கும்.

முந்தியெல்லாம் மேல இருக்குற பட்டை தீம்லேருந்து தானா வந்துச்சு. 2014-ல டூல்பார் வந்தப்புறம் அதை நாமளே லேஅவுட்ல வெச்சு, நாமளே தேடி எடுத்து, செட்சப்போர்ட்ஆக்‌ஷன்பார்ல குடுக்கணும். எங்கெல்லாம் கோட்டை விடலாம் பாருங்க:

- செட்கன்டென்ட்வியூவுக்கு முன்னாடியே டூல்பாரைத் தேடுறது.
- இன்க்ளூட் டேக்ல வேற ஐடி குடுத்துட்டுப் பழைய ஐடியில தேடுறது. புது ஐடி பழசை முழுங்கிடும்.
- போனைப் படுக்க வெச்சா வர்ற லேஅவுட்ல டூல்பாரை வைக்க மறந்துடுறது. நேரா பிடிச்சா ஓடும், திருப்பினா படுத்துரும்.

வேடிக்கை என்னன்னா, செட்சப்போர்ட்ஆக்‌ஷன்பாருக்கு நல்லைக் குடுத்தா அது கம்முனு வாங்கிக்கும். அடுத்த வரியில தலைப்பு வைக்கப் போறப்பதான் வெடிக்கும். தப்பு பொறந்தது ஒரு எடம், மாட்டினது இன்னொரு எடம். அந்த ரெண்டாவது எடத்துல இஃப் போட்டா மொத எடம் எப்பவும் தெரியாது.

ஒரு லாரி புக்கிங் ஆப்னு வெச்சுக்குங்க. இஃப் போட்டாச்சு, கிராஷ் இல்லை. தலைப்பும் இல்லை, திரும்பிப் போற அம்புக்குறியும் இல்லை. எந்த லோடு விவரத்தைப் பாக்குறோம்னு தெரியாம டிரைவர் முழிக்கிறாரு. கிராஷ் ஆயிருந்தா ரிப்போர்ட்டாவது வந்திருக்கும். இப்ப அதுவும் வராது. ஆப் நமக்கே ஆப்பு!

நல்லைக் கண்டுபிடிச்ச டோனி ஹோரே, 1965-ல சுலபமா இருக்கேன்னு அதை ஆல்கால் டபிள்யூ மொழியில சேர்த்துட்டாரு. 2009-ல அவரே அதைத் தன்னோட நூறு கோடி டாலர் தப்புன்னு சொன்னாரு. "சுலபமா இருக்கே"ங்கற வார்த்தை எங்க கொண்டு விடுது பாருங்க.

அதுக்காக நல் செக்கே கூடாதுன்னு சொல்லலீங்க. படுக்கை லேஅவுட்ல டூல்பார் வேணாம்னு நாமளே முடிவு பண்ணியிருந்தா கேள்விக்குறி சரிதான். கண்டிப்பா இருக்க வேண்டிய எடத்துல ரிக்வயர்நாட்நல் போடுங்க, உரக்கக் கத்தட்டும். 2020-லேருந்து வியூ பைண்டிங் இருக்கு. ஒரு லேஅவுட்ல இருந்து இன்னொண்ணுல இல்லாத வியூவை, இது நல்லாகலாம்னு அதுவே குறிச்சுக் குடுத்துடும்.

புராஜக்டு பாக்குற வாத்தியாருங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவுல "ஓடுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "இந்த இஃப் எதுக்குப்பா?"ன்னும் கேளுங்க. அந்தப் பதில்லயே பையன் வேலைக்குத் தயாரான்னு தெரிஞ்சுடும்.

நீங்க என்ன சொல்றீங்க? பல்பா, எஞ்சினா?