மஞ்சப்பையும் ஈயமும்

எங்கள் சுயஉதவிக் குழுவில் ஒருநாள் சுற்றுச்சூழல் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். பிளாஸ்டிக் பை வாங்க மாட்டேன், பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பேன், குப்பையைப் பிரிப்பேன். முப்பது பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். கும்மிடிப்பூண்டியில் கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் சிப்காட் புகைபோக்கியில்தான் போய் முடியும். உறுதிமொழியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் துணிப்பைக்கு எதிரியல்ல. தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இரண்டும் நல்லவை. என் ஸ்கூட்டரில் எப்போதும் இரண்டு பைகள் கிடக்கும். என் கேள்வி வேறு. கவரைக் கழுவுவது யார்? காய்கறித் தோலை மக்கவைப்பது யார்? பை எடுக்க மறந்தால் திட்டு வாங்குவது யார்? ஏற்கெனவே நிரம்பி வழியும் வீட்டுவேலைப் பட்டியலில் பூமியைக் காப்பாற்றுவதையும் சேர்த்துவிட்டு, அதற்கு ‘நுகர்வோர் தேர்வு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழியை வீட்டுக்குத் தள்ளுவது பழைய தந்திரம். ‘கார்பன் காலடித்தடம்’ என்ற பேச்சை 2000-களில் விளம்பரம் போட்டு உலகெங்கும் பரப்பியது பிபி என்ற எண்ணெய்க் கம்பெனிதான்.

தேர்வு பற்றித்தான் பேச வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பேசுவோம். கரண்ட் போனால் ஃபேன் ஓட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு வாங்குகிறோம். எதை வாங்குவது, பழையதை எங்கே போடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஆண்கள். சில நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் காயலான் கடைக்குப் போய்விடும். அதனுள்ளே இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். உடைத்து, உருக்கி, ஈயத்தை எடுத்து மறுபடி விற்கிறார்கள். அப்படி உருக்கும் ஆலைகள் எங்கள் வட்டாரத்திலும் உண்டு. இதற்கும் ‘மறுசுழற்சி’ என்றுதான் பெயர். வடிகட்டி இல்லாத உலையில் நடந்தால் அந்த மறுசுழற்சி காற்றிலும் மண்ணிலும் படியும்.

உருக்குபவரின் சட்டையிலும் படியும். அந்தச் சட்டையைத் துவைப்பது யார்? வேலை முடிந்து வந்தவர் குளிக்கும் முன்பே பிள்ளையைத் தூக்குகிறார். மனைவி சட்டையை உதறி ஊறவைக்கிறாள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெண்ணின் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கர்ப்பக் காலத்தில் மறுபடி ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியே கருவுக்கும் போகும். ஆலை வாசலையே மிதிக்காத பெண் உடம்பில் ஆலை குடியேறுவது இப்படித்தான். சீருடையை ஆலையே துவைக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று எந்த உறுதிமொழிக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்களா தோழி? நான் கேட்டதில்லை.

அபாயகரமான ரசாயனங்கள், கழிவுநீர், புகை, கழிவு பற்றிய விவரங்களை ஆலை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் உத்தரவிட்டது. நான் நின்று படித்த பலகைகளில் ஒன்றில் எண்கள் வெளிறிப்போயிருந்தன. இன்னொன்றை ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும்தான் படிக்க முடியும். கல்லூரி மாணவிகளுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் பூந்தொட்டி செய்யும் போட்டி வைக்கிறார்களே, அதை விட்டுவிட்டு இந்தப் பலகைகளைப் படித்துத் தமிழில் எழுதிவரச் சொல்லலாம். பரிசுகூட வேண்டாம்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்தன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் ஒப்படைப்பது நம் பொறுப்பு. இந்த முறை எங்கள் வீட்டுப் பேட்டரியை மாற்ற நானே கடைக்குப் போனேன்.

“சார் வரலையா மேடம்?”

“இல்லைங்க. நான்தான் வாங்குறேன். இந்தப் பழசு எங்கே போகும்?”

“அதெல்லாம் கம்பெனி எடுத்துக்கும்.”

“எந்தக் கம்பெனி? பழசை வாங்கினதாப் பில்லுல எழுதிக் கொடுங்க.”

கடைக்காரர் பேனாவைத் தேட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பில் வரும்வரை பேட்டரியை ஆட்டோவிலிருந்து இறக்கவில்லை. அந்தப் பில்லின் நகலை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன், மஞ்சப்பையில் போட்டு.