அச்சமும் புகையிலையும் பற்சிகிச்சையும்

கல்லூரியின் வரலாறும் பழைய மாணவரின் அருஞ்செயல்களும் போற்றப்படும் இவ்விழா மலரிலே, பல்லைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் நாம் எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். ஆயினும், வகுப்பறையில் நாம் கற்பித்த ஒரு பாடமே எமக்குத் தீங்காய் முடிய இருந்த கதையை, அவ்வகுப்பறையில் இருந்தவர்க்கன்றி வேறு யாருக்குச் சொல்வது?

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அவை. நோயுற்றவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாக அவர் வைத்தமையை நாம் பல்லாண்டு மாணவருக்கு விளக்கியுள்ளோம். அதன் பொருளை நாம் உண்மையில் உணர்ந்தது பல் வைத்தியரின் நாற்காலியிலேதான்.

எமது கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு ஆண்டுகளாக நொந்துகொண்டிருந்தது. கராம்பு எண்ணெய் பூசினோம்; உப்பு நீரால் கொப்பளித்தோம்; வைத்தியரிடம் மட்டும் போகவில்லை. காரணம் அச்சமே. ஆசிரிய கலாசாலையில் பயின்ற நாளில் பற்றிக்கொண்ட சிகரட் பழக்கமும் எம்மை விட்டபாடில்லை. ஈற்றில் கன்னம் வீங்கிய பின்னரே சென்றோம். அங்கிருந்த வைத்தியர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர். “சேர், புகைக்கிறனீங்களோ?” என்று வினவினார். “இல்லை” என்றோம். புகைத்தலின் தீமை பற்றி அவருக்குக் கட்டுரை எழுதுவித்தவர் நாமல்லவா! அவர் எமது வாயைப் பார்த்தார். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “சேர், நான் குறை சொல்லக் கேட்கேல்லை. பதற்றம் தணியக் குளிசை தரலாமென்று நினைக்கிறன். அதுக்காகத்தான் கேட்கிறன்” என்றார். நாம் நாணத்துடன் உண்மையைச் சொன்னோம்.

அவர் அன்று விளக்கியவற்றையும் பின்னர் நாம் கற்றறிந்தவற்றையும் சுருங்கக் கூறுவோம். வலியறியாச் சிகிச்சையை உலகுக்கு அளித்தவருள் முதன்மையானோர் பல் வைத்தியரே. 1844 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஹொறஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் நைதரசு ஒட்சைட்டு வாயுவைத் தாமே சுவாசித்துத் தமது பல்லைப் பிடுங்குவித்தார். 1846 இல் பொஸ்ரன் நகரிலே வில்லியம் மோட்டன் என்னும் மற்றொரு பல் வைத்தியர் ஈதரின் ஆற்றலைப் பலரறியக் காட்டினார். 1963 இல் விற்பனைக்கு வந்த டயசிப்பாம் முதலிய குளிசைகள் பதற்றத்தைத் தணிக்கும் வகையின. தகுந்தவரென வைத்தியர் கண்டவருக்கு, சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னர் இத்தகைய குளிசை கொடுக்கப்படும். நோயாளி விழித்திருப்பார், கேட்டதற்கு விடை சொல்வார், அச்சம் மட்டும் தணிந்திருக்கும். வலியை அக்குளிசை நீக்காது. அதற்கு விறைப்பூசி வேண்டும்.

இங்கே ஒரு சொற்குறையைச் சுட்டுதல் தமிழாசிரியராகிய எமது கடன். அறிவிழத்தல், தலைசுற்றல், குடிவெறி ஆகிய யாவற்றையும் நாம் ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். பதற்றம் தணிக்கும் குளிசையையும் ‘மயக்க மருந்து’ என்றே சொல்லிவிடுகின்றோம். அதனால் ஒருவர், எழும்பாமற் போய்விடுவோமோ என்று அஞ்சுகின்றார். மற்றொருவர், எல்லாம் மருந்து பார்த்துக்கொள்ளும் என்று எதையும் சொல்லாது விடுகின்றார். ‘தணிவு மருந்து’ என வேறு பெயரிட்டு வழங்கின் இவ்விரு பிழையும் குறையும்.

இனி, புகையிலையைப் பற்றிய கேள்வி ஏன்? பதற்றம் தணியவே புகைக்கின்றோம் என்பர் பலர். நிக்கொற்றினோ இதயத் துடிப்பையும் குருதி அமுக்கத்தையும் உயர்த்துவது. உடலில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் பாதியாகும். பழகிய உடல் அதனைத் தேடிப் பதறும். அடுத்த சிகரட் அப்பதற்றத்தைத் தணிக்கும். தானே உண்டாக்கிய பசியைத் தானே தீர்க்கும் இதனை அமைதி என்று மயங்குகின்றோம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, குருதியில் ஒட்சிசனுக்குரிய இடத்தைக் கவர்கின்றது. புகையால் உறுத்தப்பட்ட சுவாசவழி இருமலுக்கும் சளிக்கும் இடமாகும். தணிவு மருந்தோ அளவு மிஞ்சின் சுவாசத்தைத் தாழ்த்த வல்லது. ஆதலின், புகைப்பவர் என்பதை அறியாது அம்மருந்தைக் கொடுத்தல், ஆழமறியாத கிணற்றில் இறங்குவதை ஒக்கும். பல்லைப் பிடுங்கிய பின் புகைப்பின் புண் ஆறத் தாமதிக்கும்; குழியிற் குருதிக்கட்டி நிலையாது கடும் நோவும் உண்டாகலாம்.

கேள்வியிலும் ஒரு குறையுண்டு. “புகைப்பீர்களா?” என்றால், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெரியவர் “இல்லை” என்பார், அவர் பொய் சொல்லவில்லை. மின்சிகரட் இழுக்கும் இளைஞரும் அவ்வாறே சொல்லக்கூடும். இவர்களுடைய உடலிலும் நிக்கொற்றின் இருத்தல் கூடும். மேலும், புகைப்பவரின் முரசு நோயுற்றும் குறைவாகவே குருதி கசியுமாதலால், நோய் உள்ளே மறைந்து வளரும். நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னிற்பது. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணையும், வாயில் தோன்றும் வெண்படலத்தையும் காலத்தே காட்டினால் உயிர் காக்கலாம். அச்சமும் நாணமும் சேர்ந்தே அக்காலத்தைக் கடத்திவிடுகின்றன.

இக்குற்றத்தில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு என்பதே எமது கருத்து. புகைத்தலை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கற்பித்தோம். அது பிடித்துக்கொண்டால் விடுதற்கு உதவி வேண்டிய பழக்கம் என்று கற்பித்தோமல்லோம். அதன் பயனாக மாணவர் புகையாதிருந்தாரோ என்னவோ, மறைக்கக் கற்றுக்கொண்டனர், ஆசிரியரும் மறைத்தோம். ‘இவ்வாறு சொன்னால் புகைப்பவருக்கு இடங்கொடுத்ததாகாதா?’ எனப் பெரியோர் சிலர் வினவலாம். ஆகாது என்பதே எமது விடை. வைத்தியரின் அறையிற் சொல்லப்படும் உண்மை, பழக்கத்தை விடுதற்குரிய முதற்படியாகும். மறைப்பவருக்கு யாரும் உதவ முடியாது.

1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். சமயத்தால் அவர் வழி வேறு. நம் வழி வேறு. ஆயினும் அவர் காட்டிய நெறி நமக்கும் உரியதே. மருத்துவராய் விளங்கும் நம் பழைய மாணவர் இவ்விழா ஆண்டின் நினைவாக ஒரு சிறு துண்டுப் பிரசுரம் வெளியிடுவாராக. பல் வைத்தியரிடம் செல்லுமுன் சொல்ல வேண்டியவை எவை? புகை, வெற்றிலைப் புகையிலை, மது, உண்ணும் வேறு மருந்துகள் என்பன. தணிவு மருந்து உண்டவர் செய்யத்தகாதவை எவை? அன்று வாகனம் ஓட்டுதலும், மது அருந்துதலும், துணையின்றி வீடு செல்லுதலும். இவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் அடக்கலாம். மொழியைத் திருத்தித் தரும் பணியை நாம் மகிழ்ந்து ஏற்போம்.

எமது பல் பிடுங்கப்பட்ட அன்று உடனாசிரியர் ஒருவர் துணைவந்து, எம்மை முச்சக்கர வண்டியில் வீடு சேர்த்தார். வள்ளுவர் சொன்ன நான்கு கூறும் அன்று நிறைந்திருந்தன. நான்கனுள் எமது கூறு மட்டுமே சிறிது பிந்தி வந்தது. அதனைப் பிந்தாது செலுத்துமாறு மாணவரையும் பழைய மாணவரையும் உடனாசிரியரையும் அன்புடன் வேண்டி அமைகின்றோம்.

வாழ்க நம் கல்லூரி!