பிளாஸ்டிக் புல்லும் அப்பாவின் மண்ணும்

“உது என்ன, பிளாஸ்டிக் புல்லோ? மாடும் தின்னாது, மண்புழுவும் சீவிக்காது.”

போன வருடம் ஏப்ரலில், பேர்ணில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்று அப்பா சொன்னது இது. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேணும்.

மகனுக்கு அப்போது பத்து வயது. ஒரு பிறந்தநாளுக்கு மினிகோல்ஃப் விளையாடப் போனான். அதுவே நோயாகிவிட்டது. சுவிஸில் வளரும் பிள்ளைக்கு இது வருவதில் அதிசயமில்லை. அளவுப்படி அமைத்த முதல் மினிகோல்ஃப் மைதானம் 1954 மார்ச்சில் அஸ்கோனாவில்தான் திறக்கப்பட்டது. மினிகோல்ஃபிலிருந்து நிஜக் கோல்ஃபுக்குத் தாவி, நகருக்கு வடக்கே மூசே கோல்ஃப் பார்க்கில் பிள்ளைகளுக்கான பயிற்சிக்குப் போகத் தொடங்கினான்.

“வெள்ளைக்காரற்ற விளையாட்டு” என்றார் அப்பா. நுவரெலியாவில் 1889 இலிருந்தே கோல்ஃப் கழகம் இருக்கிறது, இலங்கையின் என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்றவர் என்று கைபேசியில் எடுத்துக் காட்டினேன். “தங்கராசாவோ?” என்று ஒருமுறை கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டி உருட்டுவதைப் பட்டிங் என்பார்கள். 18 குழிக்கு 72 அடி என்று கணக்கு வைத்த மைதானத்தில், குழிக்கு இரண்டாக 36 அடி பட்டிங்குக்கே ஒதுக்கியிருக்கு. அதாவது பாதி விளையாட்டு! வீட்டில் தினமும் பத்து நிமிடம் பழகினால் போதும் என்றார் பயிற்சியாளர். அன்றிலிருந்து மகனுக்குத் தோட்டத்தில் ஒரு பட்டிங் கிரீன் வேணும்.

எங்கள் தோட்டத்தில் வெயிலும் சமதரையும் ஒன்றாக உள்ள இடம் ஒன்றே ஒன்று. அது அப்பாவின் மரக்கறிப் பாத்தி.

அப்பா எண்பதுகளில் வந்தவர். உணவகக் குசினிகளில் நின்றே கால் தேய்ந்தவர். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மண்ணைக் கொத்தித் தக்காளி, மிளகாய், பூசணி, கீரை எல்லாம் போட்டார். எட்டு வருடம் எருப் போட்டுப் பழக்கிய மண். அதைப் போய் எப்படிக் கேட்பது?

கேட்கவில்லை. ஒதுக்குப்புறமாக, மரத்தின் கீழ், இருந்த புல்லுக்கு மேலேயே மலிவான செயற்கைப் புல் சுருள் ஒன்றை வாங்கி விரித்தேன். அது இலையுதிர் காலம். பனிக்காலத்தில் தரை உறைந்து எழும்பி, இளவேனிலில் இறங்கியது. கீழே இருந்த புல் அழுகி, விரிப்பு அலை அலையாகி, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது. பந்தை எங்கே தட்டினாலும் அந்த மூலைக்கே போனது.

அதைப் பார்த்துத்தான் அப்பா மாட்டையும் மண்புழுவையும் இழுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அத்திவாரம் இல்லாமல் ஆரும் வீடு கட்டுவினமோ? என்ர பாத்தியை எடு. என்னாலயும் இனிக் குந்தி இருந்து களை பிடுங்க ஏலாது. மண்ணை மட்டும் வெளியில கொட்டாதே.”

அப்போதுதான் பாத்தியைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு கோடையாகப் பாதிக்கு மேல் களை. அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு வருடம். நானும் மனைவியும் அதைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறோம்.

இனி வேலைக்கு வருவோம். எங்கள் கிரீன் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம். 15 சென்ரிமீட்டர் ஆழம் தோண்ட வேணும். கணக்குப் போட்டால் 2.7 கன மீட்டர் மண், ஏறத்தாழ நாலு தொன். இதை ஏற்றி அனுப்பக் காசு கொடுப்பதுதான் வழக்கம். நாங்கள் இடுப்பளவு உயரத்தில் பலகைப் பெட்டி இரண்டு அடித்து, அடியில் கிளைகளும் சருகும் போட்டு, அந்த மண்ணாலேயே நிரப்பினோம். இங்கே ‘ஹோக்பேட்’ என்பது இதைத்தான். குந்தத் தேவையில்லை. நின்றபடியே கை வைக்கலாம்.

தோண்டிய அன்று அப்பா வெளியே வரவில்லை. குசினி ஜன்னலடியில் தேத்தண்ணியோடு நின்றார். நானும் கூப்பிடவில்லை.

குழியில் முதலில் களையைத் தடுக்கும் துணி. மேலே 10 சென்ரிமீட்டர் சரளை. அதிரும் தட்டு இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நன்றாக இறுக்க வேணும். பனியில் தரை எழும்பாமல் காப்பது இந்தப் படைதான். இதில் மிச்சம் பிடிக்காதேங்கோ. அந்த இயந்திரம் போடும் சத்தத்துக்கு வேலைநாள் ஒன்றைத் தெரிந்து, அயலாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிறு வேண்டவே வேண்டாம்! வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும், மாடிவீடென்றால் மற்ற உரிமையாளர்களிடமும், சொந்த வீடென்றால் கெமைண்டேயிலும் முதலே கேட்க வேணும்.

சரளைக்கு மேல் 4 சென்ரிமீட்டர் நுண்ணிய கல்தூள். இதைச் சமப்படுத்தும் நாளில்தான் அப்பா வெளியே வந்தார். கையில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். அதற்குள் தண்ணீர் விட்டு, ஒரு முனையை மகனிடம் கொடுத்து, “தம்பி, அங்கால போய்ப் பிடி” என்றார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஊரில் மேசன்மார் செய்யும் வேலை. முற்றாகச் சமமாகவும் விடக்கூடாது. மழைத் தண்ணீர் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக ஓட, 6 மீட்டருக்கு 6 சென்ரிமீட்டர் இறக்கம் வைத்தோம்.

“இதுக்குப் பேர் வாட்டம்” என்றார் அப்பா.

மகன் அப்பப்பாவோடு கதைப்பது “சாப்பிட்டீங்களா, ஓம், இல்லை” என்ற அளவில்தான் இருந்தது. மிச்சமெல்லாம் பேர்ண் டொச்சு. அன்று ஒரு பின்னேரத்தில் மேடு, பள்ளம், மட்டம், வாட்டம் என்று நாலு சொல் பிடித்தான். பட்டிங்குக்கு வேண்டிய சொல்லும் அவைதானே!

பட்டிங்குக்கென்று விற்கும் குட்டையான, அடர்ந்த புல்லையே வாங்குங்கள். நீளமான அலங்காரப் புல்லில் பந்து நேராக உருளாது. மூட்டு வராதபடி ஒரே துண்டாக விரித்து, காய்ந்த நாளில் நுண்ணிய குவார்ட்ஸ் மணலைத் தூவித் தூரிகையால் உள்ளே தேய்க்க வேணும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதில் வைக்கும் கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருக்க வேணும், தண்ணீர் சரளைக்குள் இறங்கட்டும்.

குறைகளையும் சொல்ல வேணும். யூலை வெயிலில் இந்தப் புல் வெறுங்காலில் நிற்க ஏலாத அளவுக்குச் சுடும். தேய்ந்தால் பிளாஸ்டிக் துகள் உதிரும். ரப்பர் மணிகள் போடாமல் மணல் மட்டும் போட்டது அதைக் குறைக்கத்தான். ஆனாலும் முற்றாக இல்லையென்று சொல்ல மாட்டேன். இதன் கீழே மண்புழு வாழாது என்பதில் அப்பா சொன்னதே சரி. அதனால் 18 சதுர மீட்டரோடு நிறுத்திவிட்டோம். மிச்சத் தோட்டம் பழைய புல்லும் பூண்டுமாகவே கிடக்கு. இலை விழும் காலத்தில் கூட்ட வேணும். ஐஸ் படிந்தால் சுரண்டாமல் தானாகக் கரைய விட வேணும்.

இந்தக் கோடையில் பெட்டிகளில் கீரையும் மிளகாயும் நல்ல விளைச்சல். பூசணிக் கொடி மட்டும் பெட்டியை விட்டிறங்கிக் கிரீன் பக்கம் வருகுது. மகன் அதைத் தினமும் தூக்கித் திருப்பி விடுகிறான். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவன் பந்தை வைக்கும்போது “இடப்பக்கம் வாட்டம் கிடக்கு, பாத்து” என்கிறார். போன கிழமை தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பந்து குழிக்குள் போகவில்லை. “மட்டம் பிழை” என்றார்.

மட்டம் பிடித்தது அவர்தான். நாங்கள் ஒருவரும் நினைவுபடுத்தவில்லை.