கேட் கீப்பரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சென்னை புறநகர்ல காலை எட்டரைக்கு ரயில்வே கேட்டுல நின்னவங்களுக்கு இது தெரியும். ஒரு மின்சார ரயில் போயாச்சு, கேட் திறக்கல. எதிர்ப்பக்கம் எக்ஸ்பிரஸ் வருது. உடனே கேட் கீப்பருக்குத்தான் வசவு.

அவர் நினைச்சாலும் திறக்க முடியாதுங்க. இந்த கேட்டுகள் சிக்னலோட இணைக்கப்பட்டவை. கேட் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். கொடுமை என்னன்னா, திறந்ததும் ரெண்டு பக்கமும் பைக், ஆட்டோ ரோட்டையே அடைச்சு நேருக்கு நேர் நிக்குது. தண்டவாளத்து மேலயே வண்டி! கேட்டை மூட முடியல, சிக்னல் சிவப்பு, ரயிலும் வெளியில காத்துக் கிடக்குது. அதுக்குள்ள இருக்கிறதும் வேலைக்கு லேட்டாகுற நம்ம ஆளுங்கதான்.

தினசரி ரயில் எண்ணிக்கையை வாகனக் கணக்கால் பெருக்கினா ஒரு லட்சமோ அதுக்கு மேலயோ வருதா? ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து பாலம் கட்ட அந்த கேட் தகுதியானது. 100 ரயில், 1000 வண்டி போதும். (பி.இ. படிச்சதுக்கு இந்தக் கணக்காவது உதவுது.)

அப்புறம் ஏன் வரல? தண்டவாளப் பகுதி ரயில்வே வேலை, அணுகுசாலை மாநிலத்தின் வேலை. நிலம் எடுக்கிறதுல இழுபறி. குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதை பத்து வருஷத்துக்கு மேல இழுத்ததை மறந்துட்டோமா?

உங்க ஊர் கேட்டுல அதோட நம்பர் எழுதியிருக்கும். அதைக் குறிப்பிட்டு, நிலம் எடுப்பு எந்த நிலையில இருக்குன்னு ரெண்டு தரப்புக்கும் தனித்தனியா ஆர்டிஐ மனு போடுங்க. 30 நாள்ல பதில் தரணும். வந்ததும் நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க.